வானத்துச் சாலையின் மைல்கற்கள்



ஒரு நாள் வகுப்பில் நான் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தின் கூரைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து சென்றது. பிள்ளைகள் எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து நின்று, "சார், மேலே ரோடும் இல்லை, போர்டும் இல்லை. பைலட்டுக்கு வழி எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறி, இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கினார்கள். நடுக்கடலிலும் சாலை கிடையாது. மாலுமிகள் சூரியனின் உயரத்தையும் நட்சத்திரங்களையும் கடிகாரத்தையும் கொண்டு, கப்பல் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்கிட்டார்கள். தரையையும் அவ்வாறே அளந்தார்கள். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் பணியில் லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் அடிக்கோடு போடத் தொடங்கிய இடம் சென்னையை அடுத்த பரங்கிமலை. அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இன்று சென்னை விமான நிலையம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகாய விமானம் வந்த தொடக்க காலத்தில், பைலட்டுகள் தரையைப் பார்த்தே வழி கண்டார்கள். ஆறு, கடற்கரை, ரயில் பாதை ஆகியவையே அவர்களுக்கு அடையாளம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே வாழ்ந்த தமிழர் பலர். அத்தகைய தண்டவாளக் கோடுகள் மேலிருந்து பார்ப்பவனுக்கு நல்ல வழிகாட்டிகள். 1937இல் வேர்ன்ஸ் நிறுவனத்தின் சிறிய விமானங்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்தன. போருக்குப் பின், 1947இல், மலாயன் ஏர்வேஸ் ஐந்து பேர் பயணம் செய்யக்கூடிய விமானத்துடன் தன் சேவையைத் தொடங்கியது.

ஆனால் இரவிலும் மழையிலும் தரை தெரியாதே? 1921இல் அமெரிக்காவில் தபால் விமானம் ஒன்று இரவில் பறந்தபோது, வழிநெடுக விவசாயிகள் தீ மூட்டி வைத்து வழிகாட்டினார்களாம். தீயின் இடத்தைப் பின்னர் வானொலி அலை பிடித்துக்கொண்டது. தரையில் ஒரு வானொலிக் கலங்கரை விளக்கத்தை நிறுவுவார்கள். விமானத்தில் உள்ள கருவி அதன் அலைகளைப் பெற்று, "அந்த நிலையத்திலிருந்து நீ இன்ன திசையில், இத்தனை மைல் தூரத்தில் இருக்கிறாய்" என்று காட்டும். பெரட்டுக் களத்திலிருந்து கிழக்கே இத்தனை சங்கிலி தூரம் என்று கங்காணி இடம் சொல்வது போலத்தான். முன்பு நிலக்கரி வெட்டிய பத்து ஆராங்கிலும் இப்படி ஒரு நிலையம் அமைந்தது.

1965இல் சுங்கை பீசியிலிருந்து சர்வதேச விமான நிலையம் சுபாங்குக்கு மாறியது. சுற்றிலும் பால்மரக் காடுகள். 1977 செப்டம்பர் 27ஆம் நாள், ஜப்பானிய விமானம் ஒன்று மோசமான வானிலையில் சுபாங்கை நோக்கி இறங்கியது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமுன்பே, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கும் கீழே இறங்கி, எல்மினா தோட்டத்தில் விழுந்தது. 79 பேரில் 34 பேர் மாண்டனர். திசை தெரிந்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் விடியற்காலையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம் பூச்சோங் குன்றில் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர். கோலாலம்பூரைச் சுருக்கி 'கே.எல்.' என்கிறோம். ஓடுபாதைக்கு வழிகாட்டிய வானொலி நிலையத்தின் பெயரும் 'கேயெல்'. காதுக்கு இரண்டும் ஒன்றே! எந்த முறையில் இறங்குவது என்பதிலேயே விமானிகளிடம் குழப்பம் இருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரி 2,400 அடிக்கு இறங்கச் சொன்னதை அவர்கள் 400 அடி என்று புரிந்துகொண்டார்கள். குன்றின் மேல் மோதிய இடத்தின் உயரமோ 437 அடி. கருவி எழுப்பிய எச்சரிக்கை ஒலியையும் அவர்கள் மதிக்கவில்லை. ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லுவதும், கேட்டதைச் சரிபார்ப்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொண்டுதான் விளக்குகிறேன்.

தரையில் நிலையம் இல்லாத இடங்களிலும், கடலுக்கு மேலும் கூட, இன்று வான்வழியில் புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் ஐந்து எழுத்தில், வாயால் உச்சரிக்கக்கூடிய பெயர் உண்டு. ஒரு புள்ளியின் பெயர் வேறொன்றுக்கு வராதபடி உலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மலாக்கா நீரிணைக்கு அப்பால் செல்லும் வான்வழியில் 'மெக்கார்', 'நீலாம்' என்ற புள்ளிகள் இருக்கின்றன. மலாய் மொழியில் மெக்கார் என்றால் மலர்தல். நீலாம் என்றால் நீலக்கல்.

இப்புள்ளிகளில் ஒன்றை உலகமே ஒரே இரவில் தெரிந்துகொண்டது. 2014 மார்ச் 8ஆம் நாள் அதிகாலை, 239 பேருடன் பெய்ஜிங்கை நோக்கிப் புறப்பட்ட எம்.எச். 370 விமானம், தென்சீனக் கடலின் மேல் 'இகாரி' என்ற புள்ளியைக் கடந்ததும் கட்டுப்பாட்டாளர்களின் திரையிலிருந்து மறைந்தது. அது திரும்பித் தீபகற்பத்தைக் கடந்ததை இராணுவ ராடார் பதிவுகள் பின்னர் காட்டின. மெக்காரைத் தாண்டிய சிறிது தூரத்தில் அந்தத் தடமும் நின்றது. வீட்டார் இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறார்கள். தேடியவர்கள் கையில் முதலில் இருந்தவை இந்தப் புள்ளிகளின் பெயர்கள்தாம்.

சரி, ஒரு புள்ளியை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? விமானப் போக்குவரத்து அதிகார அமைப்பு வெளியிடும் தகவல் ஏட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தரப்பட்டிருக்கும். மாற்றங்கள் 28 நாள் சுற்று முறையில் நடப்புக்கு வரும். இகாரி வடக்கே 6 டிகிரி 56 நிமிடம், கிழக்கே 103 டிகிரி 35 நிமிடம். பிள்ளையின் பள்ளி அட்லசை எடுத்து, இந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கோத்தா பாருவுக்கு வடகிழக்கே, கடலில் அது விழும்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால், நம் நாட்டில் தீர்க்கரேகையின் ஒரு நிமிடமும் ஏறக்குறைய அவ்வளவே. கோலாலம்பூர் கிழக்கே 101 டிகிரி 42 நிமிடம். கிள்ளான் 101 டிகிரி 27 நிமிடம். வித்தியாசம் 15 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 28 கிலோமீட்டர் வரும். ரயில் ஏறாமலே தூரம் அளந்துவிட்டோம் அல்லவா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். செம்பனைக் காடாக இருந்த சிப்பாங்கில் 1998இல் பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டது. எல்மினா தோட்டம் இன்று புதுநகரம். கடலின் மேல், ஒருவரும் குடியிருக்காத புள்ளிக்குக் கூடப் பெயரும் எண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் பிறந்த லயமும், ஆயாக் கொட்டகையும், கோயிலும் நின்ற இடத்துக்கு நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? இன்று கைத்தொலைபேசியே அந்த எண்களைக் காட்டுகிறது. வீட்டிலுள்ள பெரியவர்களை அழைத்துச் சென்று அந்த இடத்தில் நில்லுங்கள். எண்களையும், அவர்கள் வழங்கிய பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.