ஊரடங்கும் வீட்டுச் செலவும்

திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் உள்ளது நிலாவெளி. அவ்வூராருள் பலருக்குப் படியளப்பவை கடற்றொழிலும் உல்லாசப் பயணிகளின் வருகையுமே. 2019 ஏப்ரில் குண்டுத் தாக்குதல்களால் மெலிந்த பயணிகள் வருகை, அடுத்த ஆண்டு கொரோனாத் தொற்றினால் அற்றே போயிற்று. 2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது.

படகின் எண்ணெய், சுருட்டு, சாராயம் ஆகியன ஆணின் செலவு. அரிசி, பால்மா, பிள்ளையின் கொப்பி ஆகியன பெண்ணின் செலவு எனப் பிரித்துரைப்பது எளிது. ஆயினும் அப்பிரிவு மனப்பாங்கினால் மட்டும் அமைந்ததன்று. சந்தைக்குப் போகிறவர் யார் என்பதும் அதனை வகுத்தது. கிழக்குக் கரையூர்களில், சிறப்பாக முஸ்லிம் குடும்பங்களில், மீனும் மரக்கறியும் வாங்கி வருவது பெரும்பாலும் ஆடவர் பணி. ஊரடங்கு நாள்களிலோ சந்தை மூடியிருந்தது. பொருள்கள் லொறியேறி ஒழுங்கைக்கு வந்தன. படலையில் நின்று விலை பேசி வாங்கும் வாய்ப்பு இல்லத்தரசிக்குக் கிட்டியது.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் ஏப்ரிலிலும் மேயிலும் சமுர்த்தி வழியாக 5000 ரூபாய் வழங்கியது. நாளொன்றுக்கு வகுத்தால் 166 ரூபாய்ச் சொச்சம். அரிசியும் பருப்பும் வாங்கிய பின் அதில் எஞ்சுவது யாது?

மதுக்கடைகள் அடைபட்டமையால் ஆணின் செலவு ஒழிந்தது என்று மகிழ்ந்தோர் உளர். நான் அவ்வளவு நம்பவில்லை. கசிப்பு வடிப்போர் பல இடங்களில் பிடிபட்டனர். மே மாதம் கடைகள் திறந்தபோது நாட்டின் நகரங்கள் பலவற்றில் நீண்ட வரிசைகள் தோன்றின. அவை ஆடவர் வரிசைகளாய் இருந்தமைக்குப் பழக்கம் மட்டும் காரணமன்று. பெண்களுக்கு மதுபானம் விற்பதை 1979ஆம் ஆண்டு அறிவித்தலொன்று தடுத்திருந்தது. 2018 ஜனவரியில் நீக்கப்பெற்ற அத்தடை சில நாள்களுள் மீண்டும் விதிக்கப்பட்டது. யார் எதில் பணம் செலவிடலாம் என்பதைச் சட்டமும் சொல்லியிருந்தது!

பெண்கள் பெற்ற நுண்கடன்களின் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன, கடன் ஒழியவில்லை. இத்தகைய முடை வருங்கால் நம் வீடுகளில் முதலில் ஈடாவன காப்பும் சங்கிலியும். படகின் இயந்திரம் ஈடாவதில்லை. தொழில் நடக்க வேண்டுமே என்பர். அது நியாயந்தான். 2020 ஆகஸ்டில் உலகச் சந்தையில் தங்கம் அதுவரை காணாத விலைக்கு ஏறிற்று. சங்கிலியொன்றுக்கு முன்னையினும் மிகுந்த பணம் கிடைத்தது. அதனை மீட்க வட்டியும் கட்ட வேண்டியிருந்தது.