இயக்க நரம்பணு நோயில் உறக்கநேரச் சுவாசக் குறைபாடு

இயக்க நரம்பணு நோயில் உறக்கநேரச் சுவாசக் குறைபாடு என்பது, அந்நோயினால் மூச்சுத் தசைகள் வலுவிழக்கும்போது, முதலில் உறக்கத்தில் வெளிப்படும் சுவாசக் குறையைக் குறிக்கும். இந்நோயாளிகளின் இறப்புக்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது சுவாசச் செயலிழப்பே ஆகும். பகலில் இயல்பாக மூச்சு விடுபவரிடத்தும் அதன் முன்னடையாளங்கள் இரவில் தோன்றிவிடக்கூடும். காலைத் தலைவலி, பகல் தூக்கம் போன்ற எளிய அறிகுறிகளை உரிய காலத்தில் இனங்கண்டால், ஆயுளை நீட்டிக்கக்கூடிய சிகிச்சையைத் தொடங்க இயலும்.

பின்னணி

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளைகளைக் கொண்டு செல்லும் நரம்பணுக்கள் இயக்க நரம்பணுக்கள் எனப்படும். இவை படிப்படியாக அழிவதால் தசைகள் மெலிந்து செயலிழப்பதே இயக்க நரம்பணு நோய் ஆகும். இதன் மிகப் பரவலான வகை ஏ.எல்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1869 இல் இதனை விவரித்தார். அமெரிக்க அடிபந்தாட்ட வீரர் லூ கெரிக் இந்நோயால் 1941 இல் இறந்தார்; அந்நாட்டில் இது அவரது பெயராலும் அறியப்படுகின்றது. எல்லா வகைகளும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை. சென்னை மருத்துவர்கள் 1970 இல் விவரித்த மதராசு இயக்க நரம்பணு நோய் இளம் வயதினரைத் தாக்கி, மெதுவாக முன்னேறும் ஒரு வகையாகும்.

மூச்சுத் தசைகள்

இதயத் தசை தானாகவே துடிக்க வல்லது. மூச்சுத் தசைகளோ ஒவ்வொரு மூச்சுக்கும் நரம்பின் கட்டளையை எதிர்பார்ப்பவை. ஆகவேதான் இந்நோய் இதயத்தை விட்டுவிட்டு மூச்சைப் பாதிக்கின்றது.

மூச்சை உள்ளிழுப்பதில் முதன்மையான தசை, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குவிமாடம் போல் அமைந்துள்ள உதரவிதானம் ஆகும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் 3, 4, 5 ஆம் கூறுகளிலிருந்து வரும் நரம்பு இதனை இயக்குகின்றது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் இதற்குத் துணை புரிகின்றன. உதரவிதானம் வலுவிழக்கத் தொடங்கும்போது, விழித்திருக்கும் நேரத்தில் இத்துணைத் தசைகள் கூடுதலாக உழைத்துக் குறையை ஈடுசெய்கின்றன. இதனால் பகலில் குறை வெளியே தெரிவதில்லை.

உறக்கத்தில் குறை வெளிப்படக் காரணங்கள்

* படுக்கை நிலை: நிமிர்ந்திருக்கும்போது வயிற்று உறுப்புகள் கீழ்நோக்கித் தாழ்ந்து உதரவிதானத்திற்கு இடம் தருகின்றன. மல்லாந்து படுக்கும்போது அவை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. வலுவிழந்த தசை இச்சுமைக்கு எதிராக இயங்க வேண்டியுள்ளது.
* மூளையின் தூண்டல் குறைதல்: இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகும்போது மூளைத்தண்டு மூச்சை விரைவுபடுத்தும். உறக்கத்தில் இவ்வுணர்திறன் எல்லோருக்கும் குறைகின்றது.
* விரைவிழியசைவு உறக்கம்: கனவுகள் மிகுதியாகத் தோன்றும் இந்நிலையில் உடலின் பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடுகின்றன. துணைத் தசைகளும் ஓய்ந்துவிட, உதரவிதானம் ஏறக்குறையத் தனித்தே மூச்சுவிட வேண்டியதாகின்றது. வயது வந்தோரின் உறக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இந்நிலையே. விடியலை நெருங்க நெருங்க இதன் நீளம் கூடுகின்றது.

இவற்றின் விளைவாக மூச்சு ஆழமற்றுப் போய், இரத்தத்தில் ஆக்சிசன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு மிகுகின்றது. இதனைச் சீர்செய்ய மூளை நோயாளியை மீண்டும் மீண்டும் விழிக்கச் செய்கின்றது. இந்நிலை நீடிக்கும்போது, மிகையான கார்பன் டை ஆக்சைடுக்கு உடல் பழகிப்போய், அதற்கு மூளை காட்டும் எதிர்வினை மேலும் மழுங்குகின்றது. இறுதியில் பகலிலும் அதன் அளவு உயர்ந்தே காணப்படும்.

தொண்டைத் தசைகளின் தளர்ச்சியால் மூச்சுவழி அடைபடுவதும் சிலரிடம் உண்டு. எனினும் இந்நோயில் முதன்மையானது அடைப்பன்று, மூச்சின் அளவு குறைவதே ஆகும்.

அறிகுறிகள்

* காலையில் எழும்போது தலைவலி. கார்பன் டை ஆக்சைடு மிகுவதால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிவதே இதற்குக் காரணம்
* அடிக்கடி விழித்தல், கெட்ட கனவுகள்
* தட்டையாகப் படுக்க இயலாமை, தலையணைகளை அடுக்கிக்கொள்ளுதல்
* பகல் தூக்கம், களைப்பு, கவனக்குறைவு, பசியின்மை
* குரல் தணிதல், வலுவற்ற இருமல்
* மூச்சை உள்ளிழுக்கும்போது வயிறு வெளியே வருவதற்கு மாறாக உள்ளே செல்லுதல்

கைகால்கள் வலுவிழந்தவர் ஓடுவதோ படியேறுவதோ இல்லை. ஆதலால் அவர் மூச்சிரைப்பை உணராமலே இருக்கக்கூடும். களைப்பும் தூக்கமின்மையும் மனச்சோர்வு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அதற்கெனத் தரப்படும் சிலவகைத் தூக்க மாத்திரைகள் மூச்சை மேலும் தணித்துவிடலாம் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பின்றி அவற்றை உட்கொள்ளலாகாது.

கண்டறிதல்

ஆழ மூச்சிழுத்து முழுவதுமாக வெளிவிடும் காற்றின் அளவு, அமர்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும் அளக்கப்படுகின்றது. படுக்கும்போது இவ்வளவு கால் பங்கோ அதற்கு மேலோ குறையுமாயின், அது உதரவிதானம் வலுவிழந்துள்ளதைக் காட்டும். உதட்டுத் தசை தளர்ந்தவர்களால் கருவியின் குழாயை இறுகக் கவ்வ இயலாது. அவர்களுக்கு, மூக்கால் வேகமாக உறிஞ்சும்போது உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை பயன்படும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மூலம் இரவு முழுவதும் ஆக்சிசன் அளவு பதிவு செய்யப்படுகின்றது. இக்கருவி கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை. எனவே பகலில் ஒருமுறை பார்த்த அளவு இயல்பாக இருப்பது, குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் இயல்பான அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் ஆகும், 45 ஐத் தாண்டுவது மூச்சுக் குறையைக் குறிக்கும். இச்சோதனைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது வழக்கம்.

சிகிச்சை

முகமூடிவழிச் செயற்கைச் சுவாசம்

மூக்கின் மீதோ, மூக்கையும் வாயையும் சேர்த்தோ பொருத்தப்படும் முகமூடி வழியாக ஒரு கருவி காற்றைச் செலுத்துகின்றது. உள்ளிழுக்கும்போது கூடுதலான அழுத்தமும் வெளிவிடும்போது குறைவான அழுத்தமும் தரப்படுகின்றன. இவ்விரு அழுத்தங்களின் வேறுபாடே தசையின் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றது. இத்தகைய கருவி பொதுவாகப் பைபாப் எனப்படும். குறட்டையுடன் கூடிய வழக்கமான உறக்க மூச்சடைப்புக்குத் தரப்படும் சிபாப் கருவி ஒரே அழுத்தத்தை மட்டும் தருவதால், தசைத் தளர்ச்சிக்கு அது போதாது. தொடக்கத்தில் இரவில் மட்டும் பயன்படும் கருவி, நோய் முற்றும்போது பகலிலும் தேவைப்படுகின்றது.

2006 இல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 41 நோயாளிகளிடம் நடத்திய சமவாய்ப்புச் சோதனையின் முடிவுகள் வெளியாயின. பேச்சு, விழுங்கல் தசைகள் கடுமையாகப் பாதிக்கப்படாதவர்களில், இச்சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 205 நாட்கள் கூடுதலாக இருந்தது. வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. அத்தசைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு ஆயுள் நீடிக்கவில்லை. எனினும் உறக்கம் சார்ந்த தொல்லைகள் தணிந்தன.

ஆக்சிசன்

ஆக்சிசன் குறைந்துள்ளது என்பதற்காக ஆக்சிசனை மட்டும் தருவது தீங்காகக்கூடும். சிக்கல் காற்றோட்டக் குறைவாகும். ஆக்சிசன் தந்ததும் கருவியில் எண் உயரும். ஆனால் மூச்சின் தூண்டல் மேலும் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு பெருகி, நோயாளி மயக்கத்தில் ஆழலாம்.

பிற முறைகள்

* சளியை வெளியேற்ற இருமல் துணைக் கருவி
* மூச்சுக்குழாயில் துளையிட்டுச் செயற்கைச் சுவாசம் அளித்தல். இதற்கு இரவும் பகலும் பராமரிப்புத் தேவை. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1985 இல் நுரையீரல் அழற்சி ஏற்பட்டபோது இவ்வாறு துளையிடப்பட்டது. இதனால் பேசும் ஆற்றலை இழந்த அவர், 2018 வரை வாழ்ந்தார். அவரது நோய் வழக்கத்திற்கு மாறாக மிக மெதுவாக முன்னேறியது.
* உதரவிதானத்தை மின்தூண்டலால் இயக்குதல். 2015 இல் வெளியான பிரித்தானியச் சோதனையில், முகமூடிச் சுவாசத்துடன் இதனையும் பெற்றோர், முகமூடிச் சுவாசம் மட்டும் பெற்றோரைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர். ஆகவே ஏ.எல்.எஸ். நோய்க்கு இது வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

முன்கூட்டிய முடிவுகள்

செயற்கைச் சுவாசம் நரம்பணுக்களின் அழிவைத் தடுப்பதில்லை. மூச்சுத்திணறல் முற்றி அவசரப் பிரிவில் சேர்க்கப்படும்போது, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிய நேரமிருப்பதில்லை. அப்போது அவர் பேச இயலாத நிலையிலும் இருக்கலாம். எனவே கருவியை ஏற்பதா, எந்த நிலைவரை தொடர்வது, துளையிடலை விரும்புகின்றாரா என்பவற்றை, இரவு நேர அறிகுறிகள் தோன்றும் காலத்திலேயே நோயாளி, குடும்பத்தினர், மருத்துவர் ஆகியோர் பேசி முடிவு செய்வது நல்லது.

வீட்டில் கருவியைப் பயன்படுத்துவோர் மின்தடைக்கு மாற்று மின்கலம் வைத்திருத்தல் வேண்டும். கைகள் வலுவிழந்தவரால் முகமூடியைத் தாமே கழற்ற இயலாது. ஆகவே உடனிருப்பவரை அழைக்க, அவரால் இயக்கக்கூடிய அழைப்பு மணி ஒன்று அருகில் இருத்தல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* உதரவிதானம்
* உறக்க மூச்சடைப்பு
* ஸ்டீபன் ஹாக்கிங்