வீடு திரும்பிய வியாதி

சந்திரன் ஏன் தேய்கிறான் தெரியுமா? 27 மனைவிகள் இருந்தும், ரோகிணியிடம் மட்டுமே மயங்கிக் கிடந்தானாம். மாமனார் தட்சன் கோபத்தில், ‘உனக்கு க்ஷயரோகம் வரட்டும்!’ என்று சபித்துவிட்டார். ராஜாவான சந்திரனுக்கு வந்ததால் ‘ராஜயக்ஷ்மா’ என்றும் ஒரு பெயர். அந்த ராஜ வியாதிதான் நாம் டி.பி. என்று சொல்லும் காசநோய்!

ஒரே நோய்தான். ஆனால், காலத்துக்குக் காலம் அது போட்ட வேஷங்களைப் பாருங்கள்...

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது கவிஞர்களின் நோய். ஜான் கீட்ஸ் 1821-ல் ரோம் நகரில் இருமி இருமி இறந்தபோது வயது 25. வெளுத்த முகமும் மெலிந்த உடம்பும் அப்போது அழகின் அடையாளம்! பரம்பரையாக வருவது என்றே பலரும் நம்பினார்கள். 1882, மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக், ‘இதற்குக் காரணம் ஒரு கிருமி’ என்று அறிவித்தார். அவ்வளவுதான்... அதுவரை அனுதாபப்பட்ட ஊர், நோயாளியைக் கண்டால் மெள்ள ஒதுங்க ஆரம்பித்தது.

மருந்து? கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு... இதற்காகவே சானடோரியங்கள் முளைத்தன. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். (எலெக்ட்ரிக் ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன்!)

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியஸிடும் வந்தன. அப்போதும், ‘மாத்திரை மட்டும் போதாது, படுக்கையும் வேண்டும்’ என்றார்கள் டாக்டர்கள். லட்சக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு இந்தியா படுக்கைக்கு எங்கே போகும்?

சென்னையில் 1956-ல் அந்த ஆய்வு தொடங்கியது. தலைமை, வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி தங்கள் நெரிசலான வீட்டுக்கே. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் சத்தான சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ அரைகுறைச் சாப்பாடுதான்!

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில்? 86 சதவிகிதம்! அதைவிட ஆச்சரியம், நோயாளி கூடவே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்றும் ஆபத்தெல்லாம் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான். உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. இருமல் நின்றதும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களின் உடம்பில், மருந்துக்கு மசியாத புதிய கிருமிகள் உருவாயின. 2023-ல்கூட, உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர்.

தட்டு, டம்ளர் வழியாக டி.பி. பரவாது. ஆனாலும், ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பயந்துபோய் நோயையே மறைத்து, மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஒரே அறையில் படுத்துக்கொண்டே குணமாகலாம் என்று அந்தச் சென்னை ஏழைகள் 1959-லேயே நிரூபித்துவிட்டார்கள். சேதிதான் இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை!