கடலை வென்ற பெட்டி, தராசிடம் தோற்ற கதை

கடலுக்கு அடியில் படம் எடுப்பவருக்கு முதல் எதிரி யார்? தண்ணீர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1893-இல் அது சரியான பதில். இன்று அதே கேள்வியை ஏர்போர்ட் கவுண்டரில் நிற்கும் ஒரு கடலடிப் புகைப்படக்காரரிடம் கேட்டால், அவர் அங்கிருக்கும் தராசைக் கைகாட்டுவார்! நூற்று முப்பது வருடத்தில் எதிரி எப்படி மாறினான் என்று தெரிந்துகொண்டால், விமானப் பயணத்துக்கு எந்தப் பை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தூக்க ஆள் இருந்த காலம்

பிரான்ஸின் தென்கோடியில் பான்யூல்ஸ் என்ற கடலோர ஊர். அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய உயிரியல் அறிஞர் லூயி பூட்டான் 1893-இல் கடலுக்கு அடியில் படம் எடுத்தார். காமிராவை வைக்க நீர் புகாத உலோகப் பெட்டியை வடிவமைத்துத் தந்தவர் அவருடைய சகோதரர் ஒகுஸ்த். பெட்டி கனமானதுதான். ஆனால் கடல் பக்கத்திலேயே இருந்தது, படகு இருந்தது, தூக்க ஆட்களும் இருந்தார்கள். எனவே எடை ஒரு பிரச்னையே இல்லை.

1926-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை அடுத்த டிரை டார்ட்டூகாஸ் தீவுகளில் லாங்லி என்ற மீனியல் அறிஞரும், நேஷனல் ஜியாக்ரஃபிக் புகைப்படக்காரர் சார்லஸ் மார்ட்டினும் கடலடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு ஒரு மிதவையில் மக்னீசியம் பொடியை வைத்து வெடிக்கச் செய்தார்கள். கடலுக்கு அடியில் ஒளி வேண்டுமென்றால் கூடவே ஒரு நெருப்பு அபாயத்தையும் தூக்கிப் போக வேண்டும் என்பது அன்றே எழுதப்பட்ட விதி போலிருக்கிறது. இன்று மக்னீசியத்தின் இடத்தில் லித்தியம் பேட்டரி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையில் அடங்கிய காமிரா

1960-களின் தொடக்கத்தில் ஒரு நல்ல காலம் பிறந்தது. ழாக் கூஸ்தோவின் தூண்டுதலால் ழான் த வௌட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ காமிராவுக்குத் தனிப்பெட்டியே தேவையில்லை. காமிராவின் உடம்பே நீர் புகாதது. அதை நிக்கான் நிறுவனம் வாங்கி, 1963-இல் நிக்கானோஸ் என்ற பெயரில் விற்றது. சாதாரண தோள்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம்.

2001-இல் நிக்கானோஸ் தயாரிப்பு நின்றது. டிஜிட்டல் காமிரா வந்தது. ஆனால் அதற்கு மறுபடியும் 'ஹவுசிங்' எனப்படும் கனத்த வெளிக்கூடு தேவைப்பட்டது. அதோடு கண்ணாடிக் குவிமாடம், இரண்டு ஸ்ட்ரோப் விளக்குகள், அவற்றைத் தாங்கும் கைகள், சார்ஜர்கள். பூட்டானின் பாரம் திரும்பி வந்துவிட்டது. தூக்கிக்கொடுக்கும் ஆட்கள் மட்டும் திரும்பி வரவில்லை!

பெட்டியே பாரமானது

அமெரிக்காவில் டேவ் பார்க்கர் என்ற ஸ்கூபா டைவிங் ஆர்வலர் 1976-இல் பெலிக்கன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள் தண்ணீருக்கும் அடிக்கும் அசையாதவை. 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, சூட்கேஸை நிமிர்த்தி வைத்துச் சக்கரமும் நீளும் கைப்பிடியும் பொருத்தினார். இரண்டும் சேர்ந்தபோது இனி கவலையில்லை என்றே தோன்றியது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கேபினுக்குள் கொண்டுபோகும் அளவில் செய்யப்பட்ட பெலிக்கன் 1510 பெட்டி, உள்ளே ஃபோமுடன் காலியாகவே சுமார் 6.2 கிலோ. பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு அனுமதிப்பது 7 கிலோ. மிச்சம் 800 கிராம்! ஒரு பெரிய காமிராவையும் லென்ஸையும் வைத்தாலே எல்லை தாண்டிவிடும். பொருளைக் காக்கும் பெட்டியே பொருளின் இடத்தைத் தின்றுவிடுகிறது.

விதிகளை மாற்றிய மூன்று ஆண்டுகள்

2006 ஆகஸ்ட் 10. விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிரிட்டனில் வெளிப்பட்டது. அன்று பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பைகளே தடை செய்யப்பட்டன. காமிராக்கள் சரக்கறைக்குப் போயின. சில நாட்களில் தடை தளர்ந்தது, ஆனால் கையிலேயே வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

2008 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் வைக்கத் தடை வந்தது. இன்று உலகம் முழுவதும் இதுவே விதி. சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை என்பதே காரணம்.

2017 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் சில நாடுகளிலிருந்து வரும் விமானங்களின் கேபினில் கைப்பேசியை விடப் பெரிய மின்னணுச் சாதனங்களைத் தடுத்தன. செங்கடல் டைவிங்குக்குப் பேர்போன எகிப்தும் இரு பட்டியல்களிலும் இருந்தது. காமிரா கீழே போக வேண்டும், உதிரி பேட்டரி மேலே வர வேண்டும்! அந்த ஜூலையில் அமெரிக்கா தன் தடையை நீக்கியது.

தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும்?

1929-இன் வார்சா ஒப்பந்தப்படி செக்-இன் பெட்டிக்கு நஷ்ட ஈடு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 250 தங்க ஃபிராங்க் என்பது உச்ச வரம்பு. துணிமூட்டையும் லென்ஸும் ஒரே விலை! 1999-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் இதைப் பயணிக்கு இவ்வளவு என்று மாற்றியது. 2009-இல் இந்தியாவும் இதில் சேர்ந்தது. 2024 டிசம்பர் இறுதியில் இந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். ஆக உயர்ந்தது. ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். ஒரு முழு கடலடிப் படச் செட்டின் விலை இதைச் சுலபமாகத் தாண்டும். அதிக மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், அல்லது தனிக் காப்பீடு எடுக்கலாம். பையின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு.

அப்படியானால் எந்தப் பை?

இந்த வரலாறு சொல்லும் பதில், ஒரே பையில் எல்லாம் வேண்டாம் என்பதுதான்.

கையோடு வருவது எடை குறைந்த துணிப்பை. அதில் காமிரா, லென்ஸ், கண்ணாடிக் குவிமாடம், உதிரி பேட்டரிகள். பேட்டரி முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியிருக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி என்றால் 97.9. 100 வரை சாதாரணமாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டு மட்டுமே.

கீழே போவது கெட்டிப் பெட்டியோ, நல்ல சூட்கேஸோ. அதில் ஹவுசிங், விளக்குக் கைகள், சார்ஜர்கள். சுற்றிலும் டைவிங் உடையை வைத்தால் அதுவே மெத்தை. ஹவுசிங்கை மட்டும் இறுக மூடக்கூடாது. அது வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பறக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளும். ரப்பர் வளையத்தைக் கழற்றி வைப்பதோ, அடைப்பைத் திறந்து விடுவதோ நல்லது.

வாங்குமுன் கடையில் பையின் பூட்டையும் சக்கரத்தையும் பார்ப்பதோடு, காலிப் பையை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பூட்டானுக்கு அந்த வேலை இருக்கவில்லை. அவருடைய கடல் வீட்டு வாசலிலேயே இருந்தது!