குன்றிமணி: முத்தை நிறுத்த விஷ விதை

பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்குற களிமண் பிள்ளையாருக்குக் கண்ணா எதை வைப்பாங்க? குன்றிமணி. சிவப்பு உடம்பு, கறுப்புப் பொட்டு. வேலியிலும் காட்டிலும் தானாகப் படரும் கொடியின் விதை அது. நம்ம தூத்துக்குடி முத்து வியாபாரத்தோட எடைக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குது.

2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடியும் ஒரு சிவப்பு விதைதான், மரத்தில் காய்ப்பது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடையைக் கல்வெட்டுகள் இந்த அளவுகளில்தான் சொல்கின்றன. ஒரு குன்றி ஏறக்குறைய 0.12 கிராம்.

ஏன் விதை? குன்றிமணியின் தோல் ரொம்பக் கெட்டி. தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது. அதனால் மழைக்காலத்திலும் எடை பெரிசாக மாறாது. கடற்கரைச் சந்தைக்கு வேறென்ன வேணும்?

அந்தத் துல்லியத்தில் நிறையப் பணம் இருந்தது. முத்து விலை எடையோடு நேராக ஏறாது. 'செவ்வு' என்ற கணக்கில் எடையின் வர்க்கத்தை எடுப்பாங்க. 2 மஞ்சாடி முத்து, அதே தரத்து 1 மஞ்சாடி முத்தைப்போல 4 மடங்கு. அப்போ எடையில் 10 சதவீதம் பிசகினால் விலையில் 21 சதவீதம் போச்சு! மூச்சடக்கி மூழ்கினவங்களுக்குக் கிடைத்ததோ சிப்பியில் ஒரு பங்குதான். பிரிட்டிஷ் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசே எடுத்துக்கிட்டது.

எடையைக் காத்த அதே தோல்தான் விஷத்தையும் பூட்டி வைக்குது. உள்ளே இருப்பது அப்ரின். செல்கள் புரதம் தயாரிப்பதையே அது நிறுத்திவிடும். முழு விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ துளையிட்டாலோ கதை வேற. 2011-இல் இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட், தான் விற்ற குன்றிமணிக் கைச்சங்கிலிகளைத் திரும்பக் கேட்டது இதனால்தான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. தராசும் போச்சு, செவ்வும் போச்சு. குன்றிமணி மட்டும் இன்னும் வீட்டில் இருக்கு. சின்னப் பிள்ளைங்க இருந்தா பல்லாங்குழிக்குச் சோழியோ புளியங்கொட்டையோ போடுங்க. யாராவது கடிச்சு முழுங்கிட்டா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், இதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மிச்ச விதையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.