225 ஆசனங்களைக் குறைத்தால் யாருடைய குரல் குறையும்?

2022 போராட்டக் காலத்தில் "225 பேரும் வேண்டாம்" என்ற கோஷம் நாடெங்கும் ஒலித்தது. பாராளுமன்ற உறுப்பினர் தொகையைப் பாதியாக்கினால் செலவு மிச்சமாகும் என்ற பேச்சு எமது ஆசிரியர் ஓய்வறையிலும் அடிக்கடி எழுகிறது. குடியியற் கல்வி கற்பிப்பவன் என்ற வகையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குறையப்போகும் ஆசனங்கள் யாருடையவை?

225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். ஏனையவை விகிதாசாரப்படி பகிரப்படும். வெட்டுப்புள்ளியை எட்டாத கட்சி அந்தப் பகிர்வில் சேர்க்கப்படாது. 1978 அரசியலமைப்பில் 12.5 வீதமாக இருந்த வெட்டுப்புள்ளியை 1988 இன் 15 ஆவது திருத்தம் 5 வீதமாகக் குறைத்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் இதற்காக ஆர். பிரேமதாசவிடம் கோரிக்கை வைத்தார் என்பது எம்மவர் அறிந்ததே.

வகுப்பில் நான் போட்டுக்காட்டும் கணக்கு இது. 7 ஆசனங்கள் கொண்ட ஒரு மாவட்டத்தில் 'அ' கட்சிக்கு 52,000, 'ஆ' கட்சிக்கு 36,000, 'இ' கட்சிக்கு 12,000 வாக்குகள். வெட்டுப்புள்ளி 5 வீதமென்றால் போனஸ் உட்பட 'அ' 4, 'ஆ' 2, 'இ' 1 ஆசனம் பெறும். 12.5 வீதமென்றால் 'இ' வெளியே. அந்த ஆசனம் 'அ' விடம் போய்ச் சேரும்.

இப்போது வெட்டுப்புள்ளியை 5 வீதமாகவே வைத்து, ஆசனங்களை மட்டும் 4 ஆக்குங்கள். 'அ' 3, 'ஆ' 1, 'இ' பூச்சியம். ஒரு வாக்குக்கூடக் குறையவில்லை; ஆனால் 12,000 பேரின் குரல் இல்லாமற் போய்விட்டது.

அதற்காக, தொகையைக் கூட்டினால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. 1977 இல் 168 ஆசனங்கள் இருந்தன. தொகுதிவாரி முறையில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 வீத வாக்குகளுக்கு 140 ஆசனங்களைப் பெற்றது. சுமார் 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8 மட்டுமே. எத்தனை ஆசனங்கள் என்பதோடு, அவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் கிழக்குக்கு வெளியே சிதறி வாழ்கின்றனர். கண்டி போன்று 12 ஆசனங்கள் கொண்ட பெரிய மாவட்டங்களில்தான் சிறு தொகையினரின் வாக்கு ஆசனமாக மாறும் வாய்ப்பு அதிகம். திருகோணமலைக்கு இன்றும் 4 ஆசனங்கள்தான். அதையும் பாதியாக்கினால் போனஸ் போக, போட்டிக்கு எஞ்சுவது ஒன்று.

உறுப்பினர்களின் சலுகைகள் அதிகமென்றால் சலுகைகளைக் குறைக்கலாம். அதற்கு ஆசனங்களில் கைவைக்கத் தேவையில்லை. அடுத்த தேர்தல் சீர்திருத்த யோசனை மேசைக்கு வரும்போது, மொத்தத் தொகையைப் பார்த்துக் கைதட்டுமுன் உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள், வெட்டுப்புள்ளி எத்தனை வீதம், போனஸ் உண்டா என்று பாருங்கள். கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.