ஒரு பஃப், ரெண்டு பஃப்... ஒரு பழைய கணக்கு

"இன்னொரு பஃபர் குடுங்கண்ணே"ன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டேன். "போன மாசம்தானே தம்பி வாங்கினீங்க?"ன்னார் கடைக்காரர். சுருக்குன்னு பட்டுச்சு. வீட்டுக்கு வந்து இந்தச் சின்ன டப்பாவோட பூர்வீகத்தைத் தோண்டினா, நான் நினைச்ச மாதிரி சந்தோஷக் கதை இல்லை மக்களே.

1955-ல அமெரிக்காவுல ரைக்கர் லேபரட்டரீஸ்னு ஒரு கம்பெனி. அதோட தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவரோட 13 வயசுப் பொண்ணுக்கு ஆஸ்துமா. கையால அமுக்கற கண்ணாடிக் குழல்ல மருந்தை இழுத்து அலுத்துப்போய், "ஹேர் ஸ்பிரே மாதிரி இதையும் ஏன் டப்பாவுல அடைக்கக்கூடாது?"ன்னு கேட்டிருக்கா. அடுத்த வருஷமே, 1956-ல, மெடிஹேலர் கடைக்கு வந்துடுச்சு. அமுக்கினா சரியா ஒரே அளவு மருந்து.

அதுல ஒண்ணுல இருந்த மருந்து ஐசோபிரினலின். மூச்சுக்குழலைத் திறக்கும், கூடவே இதயத்தையும் விரட்டும். 1960-கள்ல பிரிட்டன்ல இதையே 5 மடங்கு வீரியத்துல 'ஃபோர்ட்'னு வித்தாங்க. டாக்டர் சீட்டு கூட வேண்டாம். இங்கிலாந்து-வேல்ஸ்ல 10-14 வயசுப் பசங்களோட ஆஸ்துமா சாவு 7 வருஷத்துல கிட்டத்தட்ட 8 மடங்கு ஏறிச்சு. ஃபோர்ட் விற்காத அமெரிக்காவுல அப்படி ஏறலை. 1967-ல அரசுக் குழு எச்சரிச்சது, 1968-ல சீட்டு கட்டாயமாச்சு, சாவு இறங்கிச்சு.

கொன்னது மருந்தா, இல்லை "பஃப் இருக்கே"ங்கற தைரியத்துல ஆஸ்பத்திரிக்குத் தாமதமா போனதா? இன்னமும் வாதம் ஓடுது. ரெண்டுமே பயமுறுத்துது.

1969-ல டேவிட் ஜாக் குழு சால்ப்யூட்டமால் கொண்டுவந்தாங்க. இதயத்தை ரொம்பத் தொந்தரவு பண்ணாது. பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. 1976-லேர்ந்து நியூசிலாந்துல மறுபடி சாவு ஏறிச்சு. இந்தத் தடவை ஃபெனோடெரால். 1989-ல வந்த ஆய்வு அதைச் சுட்டிக் காட்ட, அதோட பயன்பாட்டைக் குறைச்சாங்க, சாவும் குறைஞ்சது.

நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, மெமரி லீக் இருக்கற சர்வரை தினம் ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான் இது. பஃப் குழலைத் திறக்கும், உள்ளே இருக்கற வீக்கம் அப்படியே இருக்கும். வீக்கத்தைக் குறைக்கறது இன்ஹேலர் ஸ்டெராய்டு, 1972-லயே வந்துடுச்சு. ஆனா ஆஸ்துமாவுக்கு வெறும் சால்ப்யூட்டமால் மட்டும் போதாதுன்னு 'ஜினா' உலக வழிகாட்டி சொன்னது 2019-லதான்! வருஷத்துக்கு 3 டப்பாவோ அதுக்கு மேலயோ போனாலே ஆபத்து கூடுதாம்.

சிஓபிடி கதை வேற. புகையில நுரையீரல் கெட்டுப்போனவங்களுக்கு நீண்ட நேரம் வேலை செய்யற குழல் திறப்பான்தான் முக்கிய மருந்து. அதையே ஆஸ்துமாக்காரர் ஸ்டெராய்டு இல்லாம தனியா எடுத்தா ஆபத்து. அதனால வீட்டுல தாத்தாவோட இன்ஹேலரைப் பேரன் வாங்கி இழுக்கறது வேண்டவே வேண்டாம்.

மறுநாளே டாக்டர்கிட்ட போனேன். ஸ்டெராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். 15 வருஷமா நான் பஃப் இழுக்கற விதமே தப்புன்னும் காட்டினார். அசடு வழிஞ்சுட்டு வந்தேன் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தாதீங்க. பஃப் அடிச்சும் மூச்சு அடங்கலைன்னா கூகிள் பண்ணாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.